கடனாளி ஓதும் பொறுப்பு!

எங்கள் பள்ளியிலே ஆண்டு விழா. தோரணமும் விளக்கும் ஒளிவீச, சிறப்புரை ஆற்ற வந்திருந்தார் ஓர் அன்பர். இந்த வட்டாரத்திலே பிறந்தவர், முப்பது ஆண்டுகளாக அமெரிக்காவிலே வாழ்பவர், உழைத்து உயர்ந்தவர். அவர் உயர்வைக் கண்டு நமக்குப் பொறாமை இல்லை, பூரிப்புத்தான். ஆனால் அவர் பேசியது என்ன?

"அமெரிக்காவைப் பாருங்கள்! பன்முகத்தன்மை என்ற பெயரால் நடந்த சலுகைகளை அங்கே ஒழித்துக் கட்டுகிறார்கள். உழைத்தவன் உயர்கிறான், உறங்கியவன் தாழ்கிறான். அவனவன் வாழ்வுக்கு அவனவனே பொறுப்பு! பழங்கதை பேசிப் பிறர்மீது பழிபோடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்!"

கைதட்டல் கூரையை அதிர வைத்தது. நானும் தட்டினேன், பழக்கம் அப்படி! மறுநாள் காலை, வரலாற்றுப் பாடம் தொடங்குமுன், ஒரு மாணவன் எழுந்தான். செங்கல் சூளையிலே வேகும் தந்தைக்கு மகன்; அந்தக் குடும்பத்திலே பத்தாம் வகுப்பை எட்டிய முதல் பிள்ளை. "ஐயா, உதவித்தொகை வாங்கிப் படிக்கிற நான் பொறுப்பில்லாதவனா?" என்று கேட்டான். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. சொல்லத் தொடங்கினேன், மணி அடித்துவிட்டது. சொல்லி முடிக்காத அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவைப் பார் என்றாரே அன்பர், பார்ப்போம்! மாளிகையின் மாடத்தை மட்டுமல்ல, அதன் அடித்தளத்தையும் சேர்த்தே பார்ப்போம்.

கறுப்பின மக்களிடம் பொறுப்பு இல்லையா? எழுத்தறிவு தருவதையே குற்றமாக்கிய தென் மாநிலங்கள் பல இருந்த காலத்திலே, அடிமையாகப் பிறந்த பிரடெரிக் டக்ளஸ் என்ற சிறுவன், பால்டிமோர் தெருவிலே வெள்ளை ஏழைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து அதற்கு ஈடாக எழுத்தைக் கற்றான்! பசித்த வயிற்றினரைத் தேடிப் பிடித்து, படிப்பை விலைக்கு வாங்கிய அவனைவிடப் பொறுப்பாளி யார்?

1865-இல் அடிமைத்தனம் ஒழிந்தது. அதே ஆண்டு, விடுதலை பெற்றோர் சேமிப்பதற்கென்றே நாடாளுமன்றச் சட்டத்தால் ஒரு வங்கி பிறந்தது. வியர்வையைக் காசாக்கி, காசை அந்த வங்கியிலே சேர்த்தார்கள். ஒன்பதே ஆண்டு! 1874-இல் வங்கி மூழ்கியது. நிர்வாகிகளின் முறைகேட்டால் மூழ்கியது. ஏறத்தாழ 61,000 பேருடைய சேமிப்பு, முப்பது இலட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகை, சிக்கிச் சீரழிந்தது. சேமித்தவன் பொறுப்பற்றவனா? சேமிப்பைச் சூறையிட்டவன் பொறுப்பற்றவனா?

ஒக்லகோமா மாநிலத்தின் டல்சா நகரிலே, கிரீன்வுட் என்ற பகுதியைக் கறுப்பர்கள் தம் கையால் கட்டினார்கள். கடை வைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், மருத்துவமனை அமைத்தார்கள். யாரிடமும் சலுகை கேட்கவில்லை. அன்பர் புகழும் தன்முயற்சியின் திருவுருவம் அந்த ஊர்! பரிசு என்ன? 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களிலே வெள்ளை வெறிக்கும்பல் அதைக் கொளுத்தியது. 35 தெருக்கட்டங்கள் சாம்பல்! ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பல்! ஈட்டுறுதி நிறுவனங்களோ இழப்பீடு தர மறுத்து, கலகத்தால் வந்த சேதம் என்று கைகழுவின.

சோம்பிக் கிடந்தால், "பார், சோம்பேறி!" என்கிறார்கள். உழைத்து உயர்ந்தாலோ தீவட்டி ஏந்தி வருகிறார்கள். இதுதானா பந்தயம்?

சரி, பொறுப்பை உபதேசிக்கும் அரசு தன் பொறுப்பை நிறைவேற்றியதா? ஏட்டைப் புரட்டுவோம். 1862 ஏப்ரலிலே, தலைநகர் வாஷிங்டனில் அடிமைத்தனத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. இழப்பீடும் வந்தது, தலைக்கு 300 டாலர் வரை! யாருக்கு? முதுகிலே தழும்பு சுமந்தவனுக்கா? அல்ல! சாட்டை பிடித்தவனுக்கு! கொள்ளையடித்தவன் பொருளைத் திருப்பித் தந்தானாம். அதற்காக அவனுக்கு நட்ட ஈடாம்!

1865 ஜனவரியிலே, படைத்தலைவர் ஷெர்மன், தென்கிழக்குக் கடலோர நிலத்தை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்தளிக்க ஆணையிட்டார். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினர், உழுதனர், விதைத்தனர். குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டிலே அந்த நிலத்தைப் பழைய ஆண்டைகளிடம் திருப்பிக் கொடுக்க வழிசெய்தார். அதே 1865-இல், மிசிசிப்பி மாநிலம் கறுப்பர்களுக்கென்றே சட்டம் இயற்றியது. வேலையில் இருப்பதற்கு எழுத்துச் சான்று இல்லாதவன் நாடோடி. நாடோடி என்றால் தண்டம். தண்டம் கட்ட முடியாதவன் கூலிக்கு விடப்படுவான்! அடிமைச் சந்தையின் பலகையை மாற்றி எழுதினார்களே தவிர, சந்தையை மூடவில்லை.

1883-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? இனியும் அவர்கள் சட்டத்தின் தனிச் செல்லப்பிள்ளைகளாக இருக்கக்கூடாது, சாதாரணக் குடிமகன் நிலைக்கு வரவேண்டிய கட்டம் ஒன்று உண்டு என்ற பொருள்பட நீதிபதி பிராட்லி எழுதினார். அடிமை விலங்கு அறுந்து 18 ஆண்டுகள்! அதற்குள் செல்லப்பிள்ளை என்று சலிப்பு! ஹார்லன் என்ற ஒரே ஒரு நீதிபதி மறுத்தெழுதினார். "போதும் சலுகை" என்ற குரல் நேற்றுப் பிறந்ததல்ல, தோழர்களே! சலுகை தொடங்குமுன்பே அந்தக் குரல் தொடங்கிவிட்டது!

சலுகையே காணாத நாடா அது? இல்லவே இல்லை! சலுகையாலே வளர்ந்த நாடு. ஆனால் சலுகை சென்ற திசை வேறு. 1862-ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம் விண்ணப்பித்தவனுக்கு 160 ஏக்கர் தந்தது. மொத்தம் 27 கோடி ஏக்கர்! பழங்குடி மக்களிடம் பறித்த மண். பெரும்பாலும் வெள்ளையர் கைக்குச் சென்ற மண். 1935-இல் முதியோர்க்கு ஓய்வூதியம் வகுத்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், வயலிலே உழைத்தோரையும் வீட்டு வேலை செய்தோரையும் விலக்கி வைத்தது. கறுப்பினத் தொழிலாளரிலே மிகப் பலர் செய்த வேலைகள் அவை! 1944-இல் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கென நலச்சட்டம் வந்தது. மிசிசிப்பியின் நகரங்களிலே 1947-இல், அரசு உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பு வீரர்களுக்குக் கிடைத்தவை எத்தனை? இரண்டு! குண்டுக்கு நிறம் தெரியவில்லை; கடன் ஏட்டுக்குத் தெரிந்தது.

வெள்ளையனுக்குத் தந்தபோது அதன் பெயர் நாட்டு வளர்ச்சி. கறுப்பனுக்கு ஒரு பிடி தர முன்வந்தபோது அதன் பெயர் சலுகை!

1961-இல் கென்னடி, அரசு ஒப்பந்தக்காரர்கள் இனபேதம் பாராமல் வேலை தர முனைந்து செயல்படவேண்டும் என ஆணையிட்டார். 1965-இல் லிண்டன் ஜான்சன் அதை வலுப்படுத்தினார். நெடுங்காலம் சங்கிலியிலே கிடந்தவனை அவிழ்த்து, பந்தயக் கோட்டிலே நிறுத்தி, எல்லாருடனும் ஓடு என்பது நீதியாகாது என்று அவரே ஹோவார்டு பல்கலைக்கழகத்திலே பேசினார். அன்று அதன் அடிப்படை வரலாறு. அதன் பெயர் கடன் தீர்த்தல்.

அதற்குப் பின் நேர்ந்த தவறுதான் நாம் கற்கவேண்டிய பாடம். கலிபோர்னியாவின் ஒரு மருத்துவக் கல்லூரியிலே 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்த வழக்கை முடிவு செய்த நீதிபதி பவல், சமுதாயம் இழைத்த கொடுமைக்கு ஈடு என்ற காரணத்தை ஏற்கவில்லை. வகுப்பறையிலே பலதரப்பட்டோர் இருப்பது கல்விக்கு நல்லது என்ற காரணத்தை மட்டுமே ஏற்றார். கடன் பத்திரத்தைக் கிழித்துவிட்டு, கையிலே ஒரு பூச்செண்டைத் தந்தார்! பன்முகத்தன்மை என்ற அந்தப் பூச்செண்டை நம் நண்பர்களும் வாங்கி முகர்ந்தார்கள். விளம்பரப் படத்திலே ஒரு கறுப்பு முகம், நிறுவனத்திலே ஒரு நாள் பயிற்சி வகுப்பு, ஆண்டறிக்கையிலே ஓர் இனிய வாசகம்! இவற்றுள் வெறும் வேடிக்கையாய்ப் போனவை உண்டு, மறுக்கவில்லை.

பூச்செண்டு எத்தனை நாள் வாடாமல் இருக்கும்? 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், பன்முகத்தன்மையின் பயனை அளந்து பார்க்க இயலவில்லை என்று காரணம் கூறி, கல்லூரிச் சேர்க்கையிலே இனத்தைக் கருதும் முறையை வீழ்த்தியது. 2025 ஜனவரி 21 அன்று, 1965-ஆம் ஆண்டின் ஆணையும் ரத்தாயிற்று. ஒப்பனையைக் கலைப்பது எளிது, அதனால் கலைத்தார்கள். கடன் என்றே நிலைநாட்டியிருந்தால், தீர்ந்ததா என்று கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம் கடனாளிக்கு அல்லவா வந்திருக்கும்?

"கொடுமை செய்தவர்கள் செத்துவிட்டார்கள், பேரன் ஏன் சுமக்கவேண்டும்?" என்பார்கள். பாட்டன் விட்ட நிலத்துக்குப் பேரன் வாரிசு. பாட்டன் விட்ட கடனுக்கு மட்டும் அந்நியனா? அதிலும், எல்லாம் பாட்டன் காலத்துக் கதையுமல்ல. வரைபடத்திலே கறுப்பர் வாழும் பகுதியைச் சிவப்பு மையால் குறித்து வீட்டுக்கடன் மறுத்த கொடுமையைத் தடுக்கச் சட்டம் வந்தது 1968-இல்தான். அன்று மறுக்கப்பட்டவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

"தகுதி கெடும்!" என்பார்கள். ஹார்வர்டு வழக்கிலே வெளிப்பட்ட விவரங்களைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவருள் 43 விழுக்காட்டினர், விளையாட்டுக்காகத் தேர்ந்தவர்கள், பழைய மாணவரின் பிள்ளைகள், அங்கே பணிபுரிவோரின் பிள்ளைகள், கொடையாளர் உறவினர் முதலியோர் அடங்கிய தனிப்பட்டியலில் இருந்தவர்கள்! தமக்கு அநீதி நேர்ந்ததாக அந்த வழக்கிலே ஆசிய மாணவர்கள் கூறிய குறை பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஏக்கத்தைக் காட்டி, ஏழைக் கறுப்பனின் கதவை மூடிய தீர்ப்பு, பணக்காரன் பிள்ளையின் பின்வாசலைத் தொடவில்லையே! தகுதியின் காவலர்கள் அந்த வாசலிலே ஏன் தூங்குகிறார்கள்?

இனி, நம் அன்பருக்கு ஒரு சொல். 1946 முதல் இந்தியாவிலிருந்து குடியேற அமெரிக்கா அனுமதித்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 100. அந்தப் பூட்டை உடைத்தது 1965 அக்டோபரிலே வந்த குடியேற்றச் சட்டம். அந்தச் சட்டம் பிறந்த சூழல் எது? கறுப்பின மக்கள் தெருவிலே அடிபட்டு, நாய்க்கடி பட்டு, சிறை புகுந்து, இன ஒதுக்கலை நாணி நிற்க வைத்த சூழல்! 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம், 1965-இல் வாக்குரிமைச் சட்டம், அதே ஆண்டிலே இந்தச் சட்டம். ஐயா, தாங்கள் திறமையாலே நடந்தீர்கள், உண்மை. ஆனால் தாங்கள் நடந்து நுழைந்த கதவு, வேறொருவன் குருதியிலே திறந்தது! நுழைந்தபின் திரும்பி நின்று, கதவைத் திறந்தவனுக்கே பொறுப்பு போதிக்கலாமா?

தனிமனிதப் பொறுப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பின்றி உயர்வில்லை. கிடைத்த வாய்ப்பை வீணாக்குபவனை நாமே கண்டிப்போம். ஆனால் பொறுப்பு என்பது ஒருவழிப் பாதையல்ல. ஏறுவது ஏறுபவன் பொறுப்பு. பறித்த ஏணியைத் திருப்பி வைப்பது பறித்தவன் பொறுப்பு. இரண்டாவதை மறைக்க முதலாவதைப் பேசுபவன் ஒழுக்கம் போதிக்கவில்லை. கடனுக்கு வாய்தா கேட்கிறான்!

மறுநாள் அந்த மாணவனை அழைத்துச் சொன்னேன்: "தம்பி, நீ வாங்குவது பிச்சையல்ல, தலைநிமிர்ந்து வாங்கு. உன் பொறுப்பு ஒன்று உண்டு: படி! படித்து, உனக்குப் பின்னால் வருபவனுக்கு ஏணியைப் பிடித்துக்கொள். உன் தந்தை சுட்ட செங்கல்லிலே எழுந்த வீட்டின் மாடியில் நின்று எவனாவது உன்னிடம் பொறுப்பைப் பற்றிப் பேசினால், செங்கல்லின் கணக்கை முதலிலே கேள்!"

அவன் சிரித்தான். பிறகு புத்தகத்தைத் திறந்தான்.

நாமும் திறப்போம் தோழர்களே, வரலாற்றுப் புத்தகத்தை! கடனாளிகள் விரும்பாத புத்தகம் அது ஒன்றுதான்.