மனம் தனியாக வளருமா?

வீடியோ விளையாட்டில் ஒரு பாத்திரம் வளர்வது என்றால் புள்ளிகள் கூடுவதா? அல்ல என்பேன்.

2001-இல் ஜப்பானில் உருவான 'இக்கோ'வைப் பாருங்கள். கொம்பு முளைத்ததால் ஊரார் கோட்டையில் அடைத்த சிறுவன் அவன். அங்கே சந்திக்கும் யோர்டாவின் மொழி அவனுக்குப் புரியாது. நீங்கள் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை அவள் கையைப் பிடித்திருப்பான். தனியே விட்டால் நிழலுருவங்கள் அவளை இழுத்துச் செல்லும். தப்பும் வேளையில் பாலம் பிளக்கிறது. விடுதலை அவன் பக்கம். ஆனாலும் அவளை நோக்கித் தாவுகிறான். இம்முறை கையைப் பிடிப்பவள் அவள்! ஊர் ஒதுக்கிய பையன் பிறருக்காகத் துணிந்துவிட்டான்.

விசை பிறக்க இரு பொருள்கள் வேண்டும் என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. மனம் வளரவும் இருவர் வேண்டும். இனி விளையாடும்போது புள்ளிகளை மட்டும் எண்ணாதீர்கள். அந்தப் பாத்திரம் யாரால் மாறியது என்றும் கேளுங்கள்.