சாதி பார்க்காத காசு என்றார்கள்

நெய்வேலியில் மாதக் கடைசி நாளுக்கென்று ஒரு முகம் உண்டு. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் அன்று பணி ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாலை போட்டு, கார் வைத்து, ஊர்வலமாக வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். அந்த வாரமே வீட்டு வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட், மனை விற்கிறவர், சீட்டு பிடிக்கிறவர். செட்டில்மென்ட் பணம் என்றைக்குக் கணக்கில் ஏறும் என்பது ஓய்வு பெற்றவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சில ஆண்டுகளாக இந்த வரிசையில் இன்னொருவரும் சேர்ந்திருக்கிறார்: காயினில் பணம் போடச் சொல்கிறவர்.

என் சித்தப்பா வீட்டுக்கு அப்படி வந்தவர் வெளியாள் இல்லை. எங்கள் தெருவில் இரவுப் பாடசாலை நடத்திய அண்ணன். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும் எங்கள் பகுதியில் கொடியேற்றுகிறவர். அவர் சொன்னால் மறுத்துப் பேசும் பழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சித்தப்பா செல்போனில் எடுத்த படத்தைப் பிறகு பார்த்தேன். மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் பிட்காயின் சின்னத்தின் பக்கத்தில் அண்ணல் அம்பேத்கரின் படம். "பேங்க் மேனேஜர் உன் ஊரு எது, தெரு எதுன்னு கேப்பான். பிளாக்செயின் கேக்காது" என்று பேசினார்களாம். 1923-லேயே ரூபாயின் பிரச்சினையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் நம் தலைவர், அவர் கண்ட கனவுதான் இந்தக் காசு என்றார்களாம்.

அந்தப் பேச்சு எங்கள் ஆட்களை ஏன் தொட்டது என்று எனக்குப் புரிகிறது. என் அப்பா கடைசிவரை ஒப்பந்தத் தொழிலாளி. கடனுக்கு விண்ணப்பித்த இடத்தில் ஜாமீன் கையெழுத்துக்கு நிரந்தர வேலையில் இருப்பவர் வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். நிலம் இல்லை, நகை இல்லை, கைதூக்கிவிடச் சொந்தக்காரர் இல்லை. பங்குச் சந்தை என்பதே யாரோ பெரிய மனிதர்கள் வீட்டுச் சங்கதி. அப்படிப்பட்டவர்களிடம் "ஒரு செல்போன் போதும், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்" என்று சொன்னால் அது வெறும் ஆசைகாட்டல் அல்ல. அதில் சுயமரியாதையும் கலந்திருக்கிறது. இதை உணராமல் "பேராசை பெருநஷ்டம்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சித்தப்பா பணம் போடுவதற்கு முன் என்னிடம் கேட்டார். "ஏம் பாப்பா, நீதான் பெரிய படிப்பு படிக்கிற, இதுல போடலாமா?" நான் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "பார்த்துப் போடுங்க சித்தப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். தொழிலாளர் வரலாற்றில் ஆய்வு செய்கிறவள் ஒரு தொழிலாளிக்குச் சொன்ன பதில் அவ்வளவுதான்.

ஆறு லட்சம் போட்டார். செயலியில் அது மாதாமாதம் டாலரில் வளர்ந்தது. மகள் கல்யாணத்துக்கு எடுக்கப் போனபோது, "கிரிப்டோ லாபத்துக்கு இந்திய அரசு 30 சதவீதம் வரி போட்டிருக்கிறது, அதை முதலில் கட்டினால்தான் பணம் வெளியே வரும்" என்று செய்தி வந்தது. இணையத்தில் தேடிப் பார்த்தார். வரி உண்மைதான் என்று தெரிந்தது. கடன் வாங்கி அதையும் கட்டினார். அடுத்த வாரம் செயலி திறக்கவில்லை.

அரசு போட்ட வரியே மோசடிக்கு முத்திரையாகப் பயன்பட்டதுதான் இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது.

கடந்துவந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே மெய்நிகர் நாணயங்கள் பற்றி மக்களை எச்சரித்தது. 2018 ஏப்ரல் 6 அன்று, வங்கிகள் இந்த வணிகத்துக்குச் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2021 குளிர்காலக் கூட்டத்தொடரில் ஒரு கிரிப்டோ மசோதா பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அவைக்கு வரவே இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே வரி வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீதம். அதே ஆண்டு ஜூலை 1 முதல் பரிமாற்றத் தொகையில் 1 சதவீதம் முன்கூட்டிய பிடித்தம். ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. 2023 மார்ச்சில் பரிமாற்ற நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன.

இவற்றில் எது சித்தப்பாவுக்கானது? வரி, கஜானாவுக்கு. பணமோசடிச் சட்டம், கறுப்புப் பணத்தைக் கண்காணிப்பதற்கு. பங்குச் சந்தைக்கு செபி இருப்பதைப்போல, வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருப்பதைப்போல, காயினில் பணம் போட்ட சாதாரண மனிதருக்கு எதுவும் இல்லை. சூதாட்டத்தையும் லாட்டரிப் பரிசையும் போல 30 சதவீதம் வசூலிக்கிற அரசு, ஆட்டத்தில் ஏமாற்று நடந்தால் மட்டும் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

போலிச் செயலியை விட்டுவிட்டு, பெயர்பெற்ற நிறுவனத்தில் போட்டால் மட்டும் நிம்மதி உண்டா? 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் பரிமாற்றத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் இணையத் திருடர்களால் களவாடப்பட்டன. திருடு போகாத காயின்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. நட்டத்தை எல்லோருக்கும் பங்கிடும் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. சென்னையிலிருந்து 3,532 எக்ஸ்ஆர்பி காயின் வாங்கியிருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். முக்கியமான தீர்ப்பு. ஆனால் அந்தப் படியேறி வழக்காட எத்தனை பேரால் முடியும்? எங்கள் ஊர்ப் பக்கத்துக் காவல் நிலையத்தில் சித்தப்பாவுக்குப் புகார் ரசீது கிடைக்கவே மூன்று நாள் ஆனது. முதல் நாள் அவரிடம் கேட்ட கேள்வி: "உனக்கு ஏதுய்யா ஆறு லட்சம்?"

முப்பத்தைந்து வருடம் சுரங்கத்தில் உழைத்தவரிடம் கேட்ட கேள்வி அது. பிளாக்செயின் கேட்காத ஊரையும் தெருவையும் காவல் நிலையம் கேட்டுவிட்டது.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. எங்கள் தெருவில் கல்லூரி படிக்கும் ஒரு பையன் 500 ரூபாய் கமிஷனுக்காக யாரோ ஒருவரின் யுஎஸ்டிடி காயினைத் தன் கணக்கு வழியாக விற்றுக்கொடுத்தான். வந்து விழுந்தது வேறொரு மாநிலத்தில் ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம். அந்த மாநிலப் போலீசார் கணக்கை முடக்கினார்கள். அவனுடைய கல்வி உதவித்தொகை வரும் ஒரே கணக்கு அதுதான். வேலை என்று நம்பி வெளிநாடு போய் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கவைக்கப்பட்டு, 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்டுவரப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்களின் கதையும் இதே சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

மேடையில் சொன்ன அம்பேத்கருக்கு வருகிறேன். அவர் ரூபாய் பற்றிய நூலில் அரசு விருப்பம்போல் நாணயம் வெளியிடுவதை எதிர்த்தது உண்மை. பிட்காயின் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாகாது என்பதைக் காட்டி, இரண்டும் ஒன்று என்கிறார்கள். ஆனால் அவர் ஏன் எதிர்த்தார்? ரூபாயின் மதிப்பு விழுந்தால் விலைவாசி ஏறும். கூலி அதே வேகத்தில் ஏறாது. முதலாளி தப்பித்துக்கொள்வான், உழைப்பவன் நட்டப்படுவான் என்பதற்காக. 1925-இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னபோதும் நாணய மதிப்பு மாறினால் எந்த வர்க்கம் பாதிக்கும் என்று பிரித்துப் பார்த்தார். அவர் வேண்டியது உழைக்கிறவன் கையில் மதிப்பு நிலையாக நிற்கும் நாணயம். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டு, ஓராண்டுக்குள் 16,000 டாலருக்கும் கீழே விழுந்த ஒன்றை அவர் கனவு என்று விற்பது, அவரைப் படிக்காதவர்கள் செய்யும் வேலை.

இந்த வலை நம்மிடம் பரவிய வழி நம்முடைய உறவுதான். வங்கியும் அரசும் நம்பிக்கை தராத இடத்தில் நாம் நம்மவரைத்தான் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை இயக்கம் பல தலைமுறையாகக் கட்டியது. மோசடிக்காரன் அதை ஒரே கூட்டத்தில் எடுத்துக்கொண்டான். மேலே இருந்தவர்கள் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. தெருவில் சிக்கியது அந்த அண்ணன் மட்டும்தான். அவரும் தன் பணத்தை இழந்தவர். மனைவியின் தாலிச்செயினை விற்று இரண்டு பேருக்குக் கொஞ்சம் கொடுத்தார். பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். இரவுப் பாடசாலை பூட்டிக் கிடக்கிறது. எங்கள் தெருவுக்கு ஏற்பட்ட பெரிய நட்டம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. வரி வசூலிக்கும் அரசு, வாடிக்கையாளர் காயினைத் தனியாகப் பாதுகாக்கும் கட்டாயத்தையும், முறையிட ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தையும், இழப்பீட்டு நிதியையும் சட்டமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் இருக்கிறது. நிதி நிறுவன மோசடிகளில் சொத்தை முடக்கப் பயன்படும் அந்தச் சட்டத்தை, காயின் என்று பெயர் மாற்றி வசூலிப்பவர்கள்மீதும் தாமதமின்றிப் பாய்ச்ச வேண்டும். கணக்கை முடக்கும்போது சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் முடக்க வேண்டும். மாணவரின் உதவித்தொகையில் கைவைக்கக்கூடாது.

நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியவையும் உண்டு. பணத்தை வெளியே எடுக்க முதலில் வரி கட்டு என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். லாபத்துக்கான வரியை நாம் வருமான வரிக் கணக்கில்தான் கட்டுகிறோம், செயலிக்காரனிடம் அல்ல. ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தூரமாக்கும். வங்கிக் கணக்கை யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது. அம்பேத்கர் படம் போட்ட மேடையில் எவன் எதை விற்றாலும், அங்கேயே எழுந்து கணக்குக் கேட்க வேண்டும்.

போன மாதம் சித்தப்பாவோடு அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. கிளம்பும்போது சித்தப்பாதான் சொன்னார்: "பசங்க படிப்பு கெடுதுப்பா, ஸ்கூலத் தொற." வாரம் ஒரு நாள் பணத்தைப் பற்றி நான் வகுப்பெடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அன்று போனில் சொல்லத் தவறியதை அங்கிருந்து சொல்லத் தொடங்க வேண்டும்.