நந்தனம் சாலைக்கு எத்தனை அங்குலச் சக்கரம்?

சென்னை நந்தனம் சிக்னலைச் சுற்றியுள்ள சாலைகள் சில ஆண்டுகளாகவே வேலை நடக்கும் சாலைகள். மெட்ரோவின் முதல் கட்டச் சுரங்கம் ஏற்கெனவே இங்கே ஓடுகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் இரண்டாம் கட்டப் பாதையும் நந்தனத்தைத் தொட்டுத்தான் செல்கிறது. அதோடு தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. உயர்மட்டச் சாலைக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தடுப்புகள், ஒட்டுப்போட்ட தார், சாலை மட்டத்தோடு சேராத பாதாளச் சாக்கடை மூடிகள் இவற்றுக்கு நடுவேதான் சென்னையின் வேகமான கார்களும் நாள்தோறும் போய்வருகின்றன. நந்தனம் வழியாகப் போகும் அண்ணா சாலையில் வடக்கே போனால், கார் உதிரிபாகங்களுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. விளையாட்டு ரகக் கார் வாங்கியவருக்கு முதலில் வரும் ஆசை, ஃபேக்டரி சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிட ஓரிரண்டு அங்குலம் பெரிய அலாய் வீல் மாட்டுவது. அடுத்த ஆசை, லோயரிங் ஸ்பிரிங் போட்டுக் காரைத் தரையோடு தாழ்த்துவது. இரண்டுமே காரின் ஓட்டத்தைக் கெடுக்கின்றன என்பது என் வாதம். அழகு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காரை எதற்காக வாங்கினோமோ, அதையே இந்த மாற்றங்கள் பறித்துக்கொள்கின்றன.

சென்னைக்கே சொந்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை 2007 முதல் இயங்குகிறது. அங்கே அசெம்பிள் செய்யப்பட்ட எம்340ஐ எக்ஸ்டிரைவ் 2021 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை. நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 நொடியில் தொடும் கார். 18 அங்குலச் சக்கரத்தில் இதற்கு முன்னால் 225/45, பின்னால் 255/40 டயர். அகலம் வேறு, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் முன் டயரின் மொத்த விட்டம் 659.7 மி.மீ., பின் டயரின் விட்டம் 661.2 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான். 19 அங்குலத்தில் வரும் 225/40, 255/35 ஜோடியிலும் அதே ஒன்றரை மி.மீ. இது தற்செயல் இல்லை. ஆல்வீல் டிரைவ் காரில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே தூரத்துக்கு ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். அந்தச் சமன் குலைந்தால், இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும், தேயும்.

கடைப் பேரத்தில் மறந்துபோவது இந்தக் கணக்குதான். பக்கச்சுவர் குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கும்போது முதலில் அடிபடுவது ரிம். 225/45 R18 டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 101 மி.மீ. ரப்பரும் காற்றும் இருக்கின்றன. 225/35 R20க்குப் போனால் அது 79 மி.மீ. ஆகிவிடும். ரிம் வளையும், டயரின் பக்கம் உப்பும். அப்போது சேதமான டயரையும் அதே அச்சில் உள்ள இன்னொன்றையும் ஜோடியாக மாற்றச் சொல்வார்கள். முன்சக்கர விசையில் மட்டும் ஓடும் சாதாரணக் காருக்கு அது நல்ல யோசனை. ஆல்வீல் டிரைவுக்குப் போதாது. மற்ற இரண்டு டயரும் 3 மி.மீ. தேய்ந்திருந்தால் விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசம் வரும், அதாவது கிட்டத்தட்ட 0.9 சதவீதம். ஃபேக்டரி அனுமதித்ததோ 0.2 சதவீதம். இந்த விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 முறை சுற்றும். அப்படியானால் கிலோமீட்டருக்கு நான்கு சுற்று வித்தியாசம். நந்தனத்திலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் நானூறு சுற்று. அவ்வளவையும் அந்தக் கிளட்ச்தான் தாங்க வேண்டும். பெரிய சக்கரத்தின் உண்மையான விலை பில்லில் இருப்பதில்லை. ஒரு பள்ளத்துக்கு நான்கு டயர் என்பதுதான் அந்த விலை.

பெரிய சக்கரத்தோடு பெரும்பாலும் கூடும் எடை இன்னொரு விஷயம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக் கூட, மேடு பள்ளத்தைத் தொடர்ந்து சக்கரம் ஏறி இறங்குவது மெதுவாகும். சக்கரம் தரையை விட்டு எழும்பும் அந்தக் கணத்தில் 387 குதிரைத்திறனுக்கும் வேலையில்லை, பிரேக்குக்கும் வேலையில்லை. கரடுமுரடான தரையில் வேகமாக ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பாருங்கள். உலக ராலி போட்டிக் கார்கள் மண் பாதையில் 15 அங்குலச் சக்கரத்தில், உயரமான பக்கச்சுவர் டயரோடு ஓடுகின்றன. தார்ச் சாலைப் போட்டிக்கு மட்டும்தான் 18 அங்குலம். ஃபார்முலா ஒன் கார்களே 2021 வரை 13 அங்குலச் சக்கரத்தில்தான் ஓடின. ராலியில் சக்கரத்தின் அளவைச் சாலைதான் முடிவு செய்கிறது. நந்தனம் சாலை இந்த இரண்டில் எதற்கு நெருக்கம் என்று இங்கே வண்டி ஓட்டும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். காரைத் தாழ்த்தினால் எடைமையம் கீழே வரும், வளைவில் சாய்வு குறையும் என்பது உண்மை. சரியாகக் கட்டிய வேகத்தடையில் தாழ்ந்த கார்கூட இடிக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்தியச் சாலைக் கழகத்தின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கத்தக்கது. 2.85 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது சக்கரங்களும் மேட்டின் சரிவில்தான் இருக்கும். அதனால் வயிற்றுக்கு அடியில் மேடு 6 செ.மீ. அளவுக்குத்தான் துருத்தும். சிக்கல் என்னவென்றால், நம் தெருக்களில் இருக்கும் பல வேகத்தடைகள் அந்த விதியைப் படித்துக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கும் மேட்டில் மேற்சொன்ன கணக்கு எடுபடாது. அதைவிட முக்கியமானது, தாழ்த்தும்போது இழக்கும் 25, 30 மி.மீ. என்பது சக்கரம் மேலே ஏற இருந்த தூரம். அது குறைந்தால் ஷாக் அப்சார்பர் சீக்கிரமே அடித்தட்டில் முட்டும். நான்கு பேரோடு போகும்போது இன்னும் சீக்கிரம். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதுதான் செலவு குறைந்த வழி, கெடுதல் அதிகமான வழியும் அதுவே. அலைன்மென்ட் மாறி, டயரின் உள் ஓரம் தேயும். அந்தத் தேய்மானம் மீண்டும் முன்சொன்ன விட்டக் கணக்கில்தான் போய் முடியும்.

“ஃபேக்டரி செட்டிங் எல்லோருக்குமான சமரசம்தானே, அதை ஏன் புனிதமாக்க வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதானால் உயரத்தைத் தொடாமல் ஷாக் அப்சார்பரின் தரத்தை மாற்றுங்கள். ஃபேக்டரி உயரத்துக்கென்றே தயாராகும் விளையாட்டு ரக ஷாக்குகள் உண்டு. பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி6 அந்த வகை, தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு அவர்களே பி8 என்று தனியாகச் செய்கிறார்கள். அடுத்த கேள்வி, ஜெர்மனியில் எல்லோரும் செய்யவில்லையா என்பது. செய்கிறார்கள். ஆனால் அங்கே அந்த உதிரிபாகம் அந்தக் காருக்குச் சோதித்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9இல் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். என் காசு, என் கார் என்ற வாதம் மழைநாளில் இன்னும் பலவீனமாகிறது. அகலமான டயர் தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும். ஆல்வீல் டிரைவ் கார் கிளம்புவதற்கு உதவுமே தவிர, நிறுத்துவதற்கு உதவாது. முன்னால் நிற்கும் ஸ்கூட்டர்காரர் அந்தச் சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை.

சக்கரம் மாற்றியே ஆக வேண்டுமென்றால், பிரேக் காலிப்பருக்கு மேல் உட்காரும் மிகச் சிறிய அளவை, ஃபோர்ஜ்டு ரகத்தில், ஃபேக்டரி ஆஃப்செட்டில் வாங்குங்கள். எடையை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் தாங்கும் எடையும் ஜேடபிள்யூஎல், விஐஏ போன்ற முத்திரையும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய 3 சீரிஸின் சக்கரம் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்தத் தலைமுறைக் காருக்கு எடுக்காதீர்கள். பழையதின் போல்ட் அமைப்பு 5x120, மையத் துளை 72.6 மி.மீ. புதியது 5x112, 66.6 மி.மீ. அடாப்டர் போட்டுப் பொருத்தித் தருகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மிச்சப்படும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். வளைவில் வேகம் பார்க்க ஆசையிருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. பந்தயப் பாதை இருக்கிறது. சென்னைக்குள் கார்களுக்கு வேக வரம்பு 60 கி.மீ.தான். ஒரு பள்ளத்துக்கு நான்கு டயரையும் ஒன்றாக மாற்றும் பணத்தைத் தனியே எடுத்துவைக்க முடியாதவர் 20 அங்குலச் சக்கரம் வாங்கக் கூடாது.