சங்கத்துக்குச் சந்தா எதற்கு?
செம்மங்குப்பம் எழுப்பும் கேள்வி

கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே இருக்கிறது செம்மங்குப்பம். 2025 ஜூலை 8-ந் தேதி காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவந்த வேன் ஒன்று அங்குள்ள ரயில்வே கேட்டைக் கடந்தது. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பாசஞ்சர் ரயில் அதன்மீது மோதியது. மூன்று பிள்ளைகள் மாண்டார்கள்.

கேட் திறந்திருந்தது ஏன்? ரயில்வே அதிகாரிகள் முதலில் ஒரு விதமாகச் சொன்னார்கள். வேன் ஓட்டியவர் வேறு விதமாகச் சொன்னார். கேட் கீப்பர் சஸ்பெண்டு செய்யப்பட்டார், கைதும் ஆனார்.

தவறு செய்தவர் தண்டனை பெற வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வேறு ஒரு கேள்வியும் இருக்கிறது. ஒரு கேட்டில் ஆபத்து இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் அதை யாரிடம் சொல்வது? சொன்னால் கேட்பார் யார்?

இங்கேதான் தொழிற்சங்கம் வருகிறது.

ஆளை நம்பிய கேட்

விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட், சிக்னலோடு இணைக்கப்படாத கேட்டாக இருந்தது. இணைக்கப்பட்ட கேட்டாக இருந்தால், கேட்டை மூடிப் பூட்டினால் ஒழிய ரயிலுக்கு சிக்னல் விழாது. இணைக்கப்படாத கேட்டில் அந்தக் காவல் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் கேட்பார். "மூடிவிட்டேன்" என்று கேட் கீப்பர் சொல்வார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ரயில் வரும்.

மனிதன் அயர்ந்து போகலாம், மறந்து போகலாம். அதற்காகத்தான் இயந்திரக் காவல்.

விபத்துக்குப் பிறகு ரயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் புது உத்தரவுகள் போட்டார். ஒரு கேட்டில் 24 மணி நேரத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையையும், கடக்கும் வண்டிகளின் கணக்கையும் பெருக்கி ஓர் எண் எடுப்பார்கள். அந்த எண் 20 ஆயிரத்தை எட்டினால் கேட்டைச் சிக்னலோடு இணைப்பது என்று முன்பு இருந்தது. அதை 10 ஆயிரமாகக் குறைத்தார். எல்லாக் கேட்டுகளிலும் கேமரா வைக்கவும் உத்தரவானது.

நல்ல உத்தரவுதான். ஆனால் மூன்று உயிர்கள் போன பிறகு வந்தது!

மேஜைக்கு எதிரே யார்?

ரயில்வேயில் 1952-ம் ஆண்டு முதல் ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. அதற்கு நிரந்தரப் பேச்சுவார்த்தை ஏற்பாடு என்று பெயர். அதிகாரிகளும் சங்கத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்து, குறைகளை ஒவ்வொன்றாகப் பேசி, முடிவை எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் கோட்ட அளவில்; அடுத்து தலைமை அலுவலகத்தில்; அங்கும் முடியாவிட்டால் ரயில்வே போர்டில். செம்மங்குப்பம் கேட் திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்தது.

அந்த மேஜையில் எல்லாச் சங்கமும் உட்கார முடியாது. அங்கீகாரம் பெற்ற சங்கம்தான் உட்காரலாம். அங்கீகாரத்தை ரகசிய ஓட்டெடுப்பு தீர்மானிக்கிறது. கடைசியாக 2024 டிசம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது. தெற்கு ரயில்வேயில் எஸ்.ஆர்.எம்.யூ., டி.ஆர்.இ.யூ. ஆகிய இரண்டு சங்கங்கள் அங்கீகாரம் பெற்றன.

ஆகவே கேட் கீப்பர் போட்ட ஓட்டு, வெறும் ஓட்டு அல்ல. அவர் குறையைச் சொல்ல யார் உள்ளே போவது என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார்.

சேராதவருக்கும் போனஸ்!

"நான் சங்கத்தில் சேரவில்லை. எனக்கும் சம்பளம் வருகிறது, லீவு கிடைக்கிறது. பிறகு சந்தா எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2025-ல் ரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் சம்பளம் போனஸ் அறிவிக்கப்பட்டது. அது சங்கத்தில் சேர்ந்தவருக்கும் உண்டு, சேராதவருக்கும் உண்டு.

அப்படியானால் உறுப்பினருக்கு என்ன லாபம்? மூன்றைச் சொல்லலாம்.

ஒன்று: வேலை நேரம். ரயில்வே விதியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வகை உண்டு. 'விட்டு விட்டு நடக்கும் வேலை' என்ற வகையில் கேட்டைச் சேர்த்தால், அங்கே 12 மணி நேர டியூட்டி போட முடியும். போக்குவரத்து பெருகியும் வகை மாறாமல் இருந்தால், வேலையை மறுபடி அளந்து பார்க்கச் சொல்லிச் சங்கம் வாதாடலாம். தனி ஆள் மனு எழுதினால் அது ஃபைலில் தூங்கும். சங்கம் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு: விசாரணையில் துணை. 1968-ம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி, குற்றம் சாட்டப்பட்ட ஊழியர் சக ஊழியர் ஒருவரையோ, தொழிற்சங்க நிர்வாகியையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பத்தாவது படித்தவர் எதிரே சட்டம் படித்த அதிகாரி உட்காரும்போது, விதி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய பலம்.

மூன்று: கணக்குக் கேட்கும் உரிமை. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் எந்த உறுப்பினரும் பார்க்கலாம். 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் இந்த உரிமையைத் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. சந்தா கொடுக்கிறவர் தலைவரைக் கேள்வி கேட்கலாம். பலர் கேட்பதில்லை!

சென்னையில் பிறந்த உரிமை

இந்த உரிமை சும்மா வரவில்லை. 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். பின்னி ஆலை நிர்வாகம் வாடியாமீது வழக்குப் போட்டு, ஐகோர்ட்டில் தடை உத்தரவும் வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றம் போல ஆயிற்று. அந்த அநியாயம் நாடெங்கும் பேசப்பட்டது. அதன் பலன்தான் 1926-ம் ஆண்டுச் சட்டம்.

சங்கத்தின் கடமை

சங்கம் கவசம்தான். ஆனால் தவறை மூடும் போர்வை அல்ல. கேட்டை மூடாமலே "மூடிவிட்டேன்" என்று சொல்லும் ஊழியரைக் காப்பாற்றுவது சங்கத்தின் வேலை அல்ல. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கச் செய்வதுதான் அதன் வேலை. அதோடு, "இந்தக் கேட்டில் ஆபத்து இருக்கிறது" என்று பயப்படாமல் எழுதிக் கொடுக்கும் ஊழியருக்குப் பின்னால் நிற்பதும் அதன் வேலைதான்.

மாறுதலுக்கும் பதவி உயர்வுக்கும் சிபாரிசு கேட்டுச் சங்க ஆபீசுக்குப் போகிறவர்கள் உண்டு. போகட்டும். அதே வேகத்தோடு, "நம் கேட்டுக்கு சிக்னல் எப்போது?", "நமக்கு ஓய்வு எப்போது?" என்றும் கேட்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக் கூட்டத்தில் அந்தக் கேள்வி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஏனென்றால் ரயில்வே கேட்டில் நிற்கிற ஊழியரின் உரிமை, அவருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. நேரத்துக்குத் தூங்கி எழுந்து வந்த கேட் கீப்பரும், சிக்னலோடு பூட்டிய கேட்டும், அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் காவல். அந்தக் காவலை விபத்துக்கு முன்பே கேட்டு வாங்குகிற சங்கத்துக்குக் கொடுக்கிற சந்தா வீண் போகாது.