படத்தில் பகைவன் இல்லை

1944ல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் 'பெருமிதம் கொண்ட நகரம்' என்ற வரிசையில் சில சுவரொட்டிகளை வெளியிட்டது. வரைந்தவர் வால்டர் ஸ்ப்ராட்பெரி. ஒன்றில், குண்டு விழுந்து இடிந்த சுவர்களுக்குப் பின்னே புனித பால் தேவாலயம் நிமிர்ந்து நிற்கிறது. இன்னொன்றில் செல்சீ மின் நிலையம். தேவாலயத்துக்குக் கொடுத்த அதே மரியாதையைப் புகைபோக்கிகளுக்கும் கொடுத்திருக்கிறார் ஓவியர். சுரங்க ரயில் ஓட மின்சாரம் தந்த இடமல்லவா!

கம்பம் பள்ளத்தாக்கில் இதைச் சொன்னால் உடனே புரியும். இங்கே சோறு போட்ட கட்டுமானம்தான் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1895ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையும், அதைக் கட்டிய கர்னல் பென்னி குவிக்கின் மீசை வைத்த முகமும் டீக்கடைச் சுவரில், கல்யாண ஃபிளெக்ஸில், ஆட்டோவின் முதுகில். 2013ல் லோயர் கேம்ப்பில் அரசு மணிமண்டபம் திறப்பதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் அவருக்கு மாலை போட்டுவிட்டார்கள். அவர் பிறந்த ஜனவரி 15ம் பொங்கலும் ஒட்டி வருவதால், அன்று அவருக்கும் ஒரு பானை பொங்குகிறது.

அணை இருப்பதோ மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். வயலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது வாய்க்காலில் வரும் தண்ணீர் மட்டும். 14,707 ஏக்கர் இருபோகம் அதை நம்பியிருக்கிறது. 1979ல் அணையின் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்த பிறகு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2014 நவம்பரில் 142 அடி தொடும்வரை 35 ஆண்டுகள். அத்தனை காலமும் மக்களை நெஞ்சு தளராமல் வைத்திருந்ததில் அந்தப் படத்துக்கும் பங்குண்டு. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

ஆனால் 2011 டிசம்பரை மறக்க முடியவில்லை. எல்லையிலுள்ள குமுளியை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அணை உடையும் என்ற பயம் கேரளத்தில். தண்ணீர் போய்விடும் என்ற பயம் இங்கே. இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலித் தொழிலாளிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்தார்கள். கம்பத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையின் மீதிருந்த பாசம் பக்கத்து வீட்டுக்காரன் மீது கோபமாகத் திரும்பிய நாட்கள் அவை.

ஸ்ப்ராட்பெரியின் படங்களில் ஒரு ஜெர்மானியர்கூட இல்லை. இடிபாடு இருக்கிறது, இழப்பை அவர் மறைக்கவில்லை. நம் படங்களில் அணை எப்போதும் நிரம்பி வழிகிறது. மலேரியாவிலும் காட்டாற்று வெள்ளத்திலும் செத்த, அணை கட்டிய தொழிலாளிகளை அவற்றில் காணோம். சுண்ணாம்பையும் சுர்க்கியையும் குழைத்த கைகளையும் காணோம்.

வரும் பொங்கலுக்கு ஃபிளெக்ஸ் அடிப்பவர்கள் கர்னலுக்குப் பக்கத்தில் அந்தத் தொழிலாளிகளையும் நிறுத்தட்டும். கீழே கொஞ்சம் இடமிருந்தால், விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்களையும் வரையட்டும். இரண்டு பக்கத்துச் சோறும் அவர்களுக்குத்தான் தெரியும்.