பார் எத்தனை இஞ்சுங்க?

சோமனூரில் மரம் அறுக்கிற மிஷின் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி இது. இரண்டாவது, விலை. மூன்றாவது கேள்வி கிடையாது.

இதே மனிதர் பழைய விசைத்தறி வாங்கப் போனால் கூடவே ஃபிட்டரைக் கூட்டிப் போவார். ஊடை அறுந்ததும் தறி நிற்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பார். துணியில் ஒரு இழை போனால் நஷ்டம் என்று தெரியும். மிஷினில் போவது அடுத்தவன் கால்தானே!

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் மூன்றடி விட்டமுள்ள புளியமரம் ஒன்றைச் சாய்த்தார்கள். மிஷின் புதுசு. 45 சிசி எஞ்சினில் 22 இஞ்சு பார். மூன்றடி மரத்துக்கு இருபுறமிருந்தும் அறுத்தால் 20 இஞ்சே போதும். ஆனால் அந்த நீளத்தைப் புளியங்கட்டைக்குள் இழுக்க 70 சிசியாவது வேண்டும். நீளம் வாங்கினார்கள், பலம் வாங்கவில்லை.

மிஷின் ஐட்லிங்கில் நின்று நின்று போனது. கூலிக்கு வந்த தம்பி தனக்குத் தெரிந்த ஒரே திருகைத் திருகினான். ஐட்லிங் ஏறியது, மிஷின் நிற்கவில்லை. கூடவே ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த கிளைக்கு நகரும்போது கையைத் தொங்கவிட்டான். முழங்காலுக்கு மேல் பதினோரு தையல்.

"அவன் கவனமா இருந்திருக்கோணும்" என்றார் தோட்டத்துக்காரர். இல்லைங்க. கார்புரேட்டரில் மூன்று திருகு உண்டு: எல், எச், ஐட்லிங். முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, எஞ்சினைச் சூடேற்ற வேண்டும். ஆக்சிலேட்டரைத் தட்டினால் திணறாமல் எகிறும்படி எல் திருகை வைக்க வேண்டும். பிறகு எச். மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஓட்டும்போது சத்தம் கொஞ்சம் கரகரவென்று இருக்கலாம், மரத்தில் இறங்கியதும் சீராகும். கீச்சென்று கத்தினால் கலவை மெலிந்துவிட்டது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கடைசியில்தான் ஐட்லிங்: செயின் அசையாமல் நிற்க வேண்டும். எல் திருகின் கோளாறை ஐட்லிங் திருகால் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தையல்களே சாட்சி.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே திறப்பில் கலவை மெலிகிறது. பழைய பெட்ரோலுக்கு வைத்த டியூனிங் இதற்குச் சரிப்படாது. டூ-டி ஆயிலையும் கண்ணால் அளந்து ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 20 மில்லி கேட்கிற மிஷினும் உண்டு, 40 கேட்கிற மிஷினும் உண்டு. கையேட்டில் இருக்கிறது. கையேடு அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போயிருந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்த மிஷினுக்குப் பெண்பால் பெயர், 'துண்டு போடுகிறவள்' என்று அர்த்தம் வரும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது அங்கேதான் இருந்தேன். தெரு முழுக்க மரம். எங்கள் தெருவுக்கு வந்த பெரியவர் ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பும்போதும் உட்கார்ந்து, பல் பல்லாக அரம் போட்டார். "சீவல் வந்தா செயின் அறுக்குது, மாவு வந்தா நீ அமுக்குற" என்றார். அதற்கு மேல் ஒரு பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ் என்பவர் மரத்தைத் தின்னும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்துத்தான் இன்றைய செயின் பல்லை யோசித்தார். புழுவுக்கே கூர் வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ச் சாலையோர மரங்களில் விளம்பரத் தகட்டு ஆணி வேறு. ஒரு ஆணி போதும், பல் போச்சு. தென்னையோ, அதன் புறக்கட்டையே செயினை மழுக்கிவிடும். இரண்டு செயினும் சரியான அரமும் இல்லாமல் மரத்தடிக்குப் போகவே கூடாது. அவர்கள் அரமே வாங்கவில்லை. மிஞ்சிப்போனால் சில நூறு ரூபாய்.

"ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு படிப்பாங்க?" என்கிறார்கள். ஒரு நாள் வேலைதான். நடக்கும்போது செயின் பிரேக்கை முன்னால் தள்ளு என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

தம்பிக்குத் தையல் பிரித்தாயிற்று, இன்னும் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் விட்டுப்போன கூலியையும் மிஷின் வாங்கியவர்தான் தர வேண்டும் என்று நான் நாலு பேர் முன்னால் சொன்னேன். அன்றிலிருந்து தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.