கழற்றி வைத்த நகல்

அஸ்தினாபுரம் ராஜேந்திர பிரசாத் சாலைப் பக்கம் ஆடிட்டர் அலுவலகம், போட்டோ ஸ்டுடியோ, கிளினிக், டிடிபி சென்டர் என எதை எடுத்துக்கொண்டாலும் தொழிலின் உயிர் ஒரு கணினிக்குள்தான் இருக்கிறது. டேலி கணக்கும் கல்யாண ஆல்பமும் நோயாளிகளின் விவரமும் அதில்தான். ஆன்டிவைரஸ் போட்டாயிற்று என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை பேசும் ரான்சம்வேருக்கு முன்னால் அந்த நிம்மதி நிற்காது. ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தோற்றுப்போகும் நாளில் கைகொடுப்பது, கணினியிலிருந்து கழற்றித் தனியே வைத்த நகல் மட்டும்தான்.

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் சிக்கின. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மடல்கள் தொலைந்தே போயின. அந்த நாட்களுக்கு நகல் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, நவம்பர் 23 அன்று, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 5 சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தரவும் பூட்டப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வாரம் எல்லாம் கையெழுத்தில் நடந்தது. ஆனாலும் நோயாளிகளின் பதிவுகள் மீண்டன, தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரில் அவை பத்திரமாக இருந்ததால். 2017 ஜூனில் நாட்பெட்யா என்னும் தீநிரல் தாக்கியபோது மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்தின் ஒரு முனையமும் முடங்கியது. அந்த முனையத்தை நடத்திய மெர்ஸ்க் நிறுவனம் தன் உலக வலையமைப்பை மீண்டும் கட்டியெழுப்ப முடிந்தது, கானாவில் இருந்த ஒரே ஒரு சர்வர் தப்பியதால். அது தப்பியதற்குக் காரணம் மின்வெட்டு! தாக்குதல் நடந்த நேரத்தில் அது இணைப்பில் இல்லை. அங்கே தற்செயலாக நடந்ததை நாம் வாராவாரம் திட்டமிட்டே செய்துகொள்ளலாம்.

"நம்மைப் போன்ற சின்னக் கடையை யார் குறிவைப்பார்கள்?" என்று கேட்பார்கள். யாரும் குறிவைக்கத் தேவையில்லை. 2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் பரவியது, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே தந்த திருத்தத்தைப் போடாத கணினிகளைத் தானாகவே தேடித் தேடி. நமக்கு அருகில் ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலையும் அதில் அடிபட்டது. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறைக் கணினிகளைப் பூட்டியவர்கள் கேட்டது 1,950 டாலர்தான். ஒரு ஸ்டுடியோ உரிமையாளரிடமும் கறந்துவிடக்கூடிய தொகை. ஸ்டாப் என்னும் ரான்சம்வேர் குடும்பம் சிறிய ஆட்களையே நம்பிப் பிழைக்கிறது. கிராக் போட்ட மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து 980 டாலர் கேட்டுவந்தது; 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி. திருட்டு மென்பொருளை நிறுவுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கும்வரை, கதவைத் திறந்துவிடுவது நாமேதான்.

"கூகுள் டிரைவில் எல்லாம் இருக்கிறதே" என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் கணினியோடு ஒத்திசைந்து ஓடும் கோப்புறையில், பூட்டப்பட்ட கோப்பும் நல்ல கோப்பின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதிப்புகளைச் சில நாட்கள் வைத்திருப்பார்கள் என்பது உண்மை. அதை மட்டும் நம்பி ஒரு தொழிலை விட முடியாது. திருடிய தரவை வெளியிடுவோம் என்றும் இப்போது மிரட்டுகிறார்கள்; அதற்கு நகல் மருந்தாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிளினிக்குகளும் ஆடிட்டர்களும் அதனால்தான் தேவையற்ற பழைய ஆவணங்களைக் கணினியில் குவித்துவைக்கக் கூடாது. பணம் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று: சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, வந்தாலும் எல்லாக் கோப்பும் திறக்கும் என்பதற்கும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி நகலெடுத்து, எடுத்த கையோடு கழற்றிவிட வேண்டும். ஒன்றை வீட்டில் வைக்கலாம். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் சில கோப்புகளைத் திறந்து பார்ப்பது அவசியம். திறக்காத நகலை நகல் என்று கணக்கில் வைக்கவே கூடாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே ஓடும் கடைகள் முதலில் இந்த நகல் வேலையைச் செய்யட்டும். அதையும் மீறி மாட்டிக்கொண்டால் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். சில வகைப் பூட்டுகளுக்கு 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சாவி இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்பே கணினியை ஃபார்மேட் செய்யச் சொல்லும் சர்வீஸ்காரரைத் தடுத்து நிறுத்துங்கள்.